பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம்!
"டி.வி.டி. ரைட்டர்" ஆமையாவது ஏன்?

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பரணில் ஏழெட்டு வருஷமாகத் துணி போர்த்திக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைப் பேரன் கீழே இறக்கி வைக்கிறான். அதற்குள்ளே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. 1994-ல் நடந்த அத்தையின் கல்யாண வீடியோ! கேஸட் பூஞ்சை பிடித்து என்றைக்கோ வீணாகிவிட்டது. கேஸட் நன்றாக இருந்த நாளிலேயே யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். காலமான பாட்டி நடப்பதை, பேசுவதை, சிரிப்பதைப் பார்க்க அந்தக் குடும்பத்துக்கு இந்த ஒரு படத்தை விட்டால் வேறு கதி கிடையாது.

தாத்தாவின் அறையில் டெலிவிஷன் இருக்கிறது, பழைய டி.வி.டி. பிளேயரும் இருக்கிறது. அவருக்கு ஒரு தட்டு, அத்தைக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று. ஆக நாலு தட்டு வேண்டும். கம்ப்யூட்டரில் உள்ள ரைட்டரின் முகப்பில் "16 எக்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பையன் தட்டைப் போட்டுப் பொத்தானை அமுக்கினான்.

அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. திரையில் உள்ள அம்புக்குறி நகர்த்தினால் நகராமல் விக்கி விக்கி நிற்கிறது.

"என்னப்பா, முடிஞ்சுதா?"

"இல்லே தாத்தா. இப்பத்தான் முக்கால்வாசி ஆயிருக்கு."

"கல்யாணமே ஒன்றரை மணி நேரத்திலே முடிஞ்சு போச்சேடா!"

ரிப்பேர்க் கடைக்காரர் வந்தார். "ரைட்டர் போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்றார். பழைய ரகம் ஆனதால் அலைந்து தேடி இன்னொன்றை வாங்கி மாட்டினார்கள். முதல் தட்டு பத்தே நிமிஷத்தில் முடிந்தது. வீட்டில் ஒரே குதூகலம்! இரண்டாவது தட்டுக்கு அரை மணி பிடித்தது. மூன்றாவது தட்டு மறுபடியும் ஒரு மணி நேரம்!

அப்படியானால் குற்றவாளி யார்?

16 எக்ஸ் என்றால் என்ன?

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு சாதாரண டி.வி.டி. தட்டில் 470 கோடி பைட் அடங்கும். "1 எக்ஸ்" என்பது ஒரு விநாடிக்கு 13 லட்சத்து 85 ஆயிரம் பைட் எழுதும் வேகம். இந்த வேகத்தில் முழுத் தட்டையும் நிரப்ப 56 நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும். 4 எக்ஸ் வேகத்தில் 14, 15 நிமிஷம். 8 எக்ஸில் ஒன்பது, பத்து நிமிஷம்.

16 எக்ஸ் என்றால் மூன்றரை நிமிஷத்தில் முடிய வேண்டாமோ என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. கிராமபோன் இசைத்தட்டில் ஊசி வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே போகும். டி.வி.டி.யில் எல்லாம் நேர்மாறு. உள்ளே, மையத்துக்குப் பக்கத்தில் தொடங்கி வெளியே வருகிறது. இசைத்தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றியது. 16 எக்ஸ் வேகத்தில் எழுதும் தட்டு ஒன்பதாயிரம், பத்தாயிரம் சுற்றுச் சுற்றுகிறது! உள் வட்டம் சிறியது. எனவே அங்கே 6 எக்ஸ் அளவில்தான் எழுத முடியும். வெளி ஓரத்தை நெருங்கும்போதுதான் 16 எக்ஸ் வரும். ஆகவே ஒரு முழுத் தட்டுக்கு ஐந்து, ஆறு நிமிஷம் ஆவதுதான் நியாயம். ஆரம்பச் சடங்கு, முடிவுச் சடங்கு இரண்டுக்கும் சேர்த்து இன்னும் ஓரிரு நிமிஷம் கொடுத்துவிடலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சி.டி. ரைட்டரில் 52 எக்ஸ் என்று போட்டிருக்கும். 52 பெரிதா, 16 பெரிதா? சி.டி.யின் ஒரு எக்ஸ் வெறும் 150 கிலோபைட். டி.வி.டி.யின் ஒரு எக்ஸ் அதைப்போல் ஒன்பது மடங்கு. 52 எக்ஸ் சி.டி. விநாடிக்கு எட்டு மெகாபைட்டைத் தொடாது. 16 எக்ஸ் டி.வி.டி.யோ 22 மெகாபைட்டை விழுங்குகிறது. இந்த அகோரப் பசிதான் தொல்லைக்கெல்லாம் மூலகாரணம்.

இங்கே கைக்கடிகாரமே பாதி வைத்தியம் பார்த்துவிடும். முழுத் தட்டுக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பதினைந்து நிமிஷத்தில் முடிந்தால் ரைட்டர் 4 எக்ஸில் எழுதுகிறது; சந்தேகத்தைத் தட்டின் மேல் வைக்கலாம். ஒரு மணியை ஒட்டி இழுத்தால் ரைட்டருக்குத் தீனி போய்ச் சேரவில்லை. வழியில் எங்கோ அடைப்பு.

ஜாங்கிரி மாஸ்டரின் கை

ஜாங்கிரி பிழிவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாஸ்டர் கொதிக்கும் நெய்யில் உள்ளேயிருந்து வெளியே வட்டம் வட்டமாக மாவைப் பிழிந்துகொண்டு வருகிறார். துணியில் மாவு இருக்கிற வரையில் கை நிற்காது. நடுவில் மாவு தீர்ந்தால்? இழை அறுந்துவிடும். ரைட்டருக்குள் இருக்கும் லேசர் ஒளியும் இப்படித்தான் தட்டின் மேல் சுருள் சுருளாக எழுதிக்கொண்டே போகிறது. மாவுத் துணிக்குச் சமானமாக அதற்குள் ஒரு சின்ன நினைவறை உண்டு. பெரும்பாலான ரைட்டர்களில் அதன் அளவு 2 மெகாபைட். முழு வேகத்தில் எழுதும்போது அது பத்தில் ஒரு விநாடிகூடத் தாங்காது! பின்னாலிருந்து மாவு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

சி.டி. ரைட்டர் புதிதாக வந்த காலத்தில் மாவு தீர்ந்தால் தட்டு பாழ்தான். எழுதுகிறபோது யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று வீட்டில் கட்டளை போடுவார்கள். கெட்டுப்போன தட்டுகளைக் காபி டம்ளருக்கு அடியில் வைத்தவர்கள் அநேகம். 2000-ஆம் ஆண்டில் ஜப்பானின் சான்யோ கம்பெனி "பர்ன் புரூஃப்" என்ற உபாயத்தைக் கொண்டுவந்தது. தீனி நின்றால் லேசர் அப்படியே நிற்கும்; தீனி வந்ததும் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து மறுபடி தொடரும். பிற கம்பெனிகளும் தத்தம் பெயரில் இதையே செய்தன.

தட்டு பிழைத்தது. ஆனால் நோய் மறைந்துபோயிற்று! முன்பு தட்டு கெட்டால் கோளாறு இருப்பது உடனே தெரிந்துவிடும். இப்போது நிமிஷத்துக்கு நூறு தடவை நின்று நின்று எழுதினாலும் தட்டு ஒழுங்காகவே வெளியே வருகிறது, நேரம்தான் நீள்கிறது. எழுதும் மென்பொருளின் திரையில் "பஃபர்" என்று ஒரு பட்டை காட்டும். அது நிறைந்தே இருந்தால் தீனி சரியாகப் போகிறது. ஏறி இறங்கி ஊசலாடினால் பின்னால் ஏதோ தடங்கல்.

ஆறு பிழை, ஆயுள் தண்டனை!

நம் கற்பனை வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தது. அதில் ரைட்டருக்கும் மதர்போர்டுக்கும் இடையே பட்டையான சாம்பல் நிற வயர் ஓடுகிறது. இதற்கு ஐ.டி.இ. இணைப்பு என்று பெயர். இந்த வழியாகச் சரக்கு இரண்டு விதமாகப் போகலாம்.

ஒன்று டி.எம்.ஏ. முறை. இதில் சரக்கு நேராக நினைவகத்திலிருந்து ரைட்டருக்குப் போய்விடும். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் உத்தரவு மட்டும் போட்டால் போதும். மற்றொன்று பி.ஐ.ஓ. முறை. இதில் பிராசஸரே சரக்கைத் துளித் துளியாகச் சுமந்து கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். முதலாளியே மூட்டை தூக்கினால் கடை என்ன ஆகும்? அம்புக்குறி விக்கியது இதனால்தான். பி.ஐ.ஓ. முறையின் உச்ச வேகம் ஏட்டில் 16 மெகாபைட். நடைமுறையில் அதில் ஒரு சிறு பங்குதான் தேறும்.

சரி, டி.எம்.ஏ.யில் ஓடிக்கொண்டிருந்த யந்திரம் பி.ஐ.ஓ.வுக்கு எப்படி இறங்கிற்று? யாரும் மாற்றவில்லையே!

இங்கேதான் வேடிக்கை. விண்டோஸ் தானே இறக்கிவிடுகிறது. வயரில் போகும் சரக்கு சிதைந்தாலோ, ரைட்டர் உரிய நேரத்தில் பதில் சொல்லாவிட்டாலோ அதை ஒரு பிழையாகக் குறித்துக்கொள்கிறது. மொத்தம் ஆறு பிழை சேர்ந்தால் வேகத்தை ஒரு படி குறைக்கிறது. பிழை மேலும் மேலும் வந்தால் இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி என்று இறக்கிக் கடைசியில் பி.ஐ.ஓ.வில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆறும் ஒரே நாளில் வர வேண்டும் என்பதில்லை. இன்றைக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்றாலும் கணக்கில் சேரும். இறங்கிய பிறகு நல்லபடியாக நடந்துகொண்டாலும் மறுபடி ஏற்றிவிடும் வழக்கம் அதற்குக் கிடையாது. ஒரு வார்த்தை எச்சரிக்கை கிடையாது. திரையில் ஒரு அறிவிப்புக்கூடக் கிடையாது. சரக்கு கெடாமல் போகட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்!

பிழை எங்கிருந்து வந்தது? வாடகைக்கு எடுத்து வந்த கீறல் விழுந்த சினிமாத் தட்டு ஒன்றைப் படிக்க ரைட்டர் தவியாய்த் தவித்திருக்கலாம். அந்த ஒரு மாலையே போதும். அல்லது பட்டை வயர் தளர்ந்திருக்கலாம், மடங்கி நைந்திருக்கலாம். கற்பனை வீட்டில் நடந்தது இரண்டாவது. புது ரைட்டரை மாட்டியதும் விண்டோஸ் அதைப் புது ஆளாகப் பாவித்துப் பழைய கணக்கைத் தள்ளிவிட்டது. அதனால்தான் முதல் தட்டு பத்து நிமிஷத்தில் முடிந்தது. நைந்த வயர் மட்டும் அப்படியே இருந்ததால் பிழைகள் மறுபடி சேர, புது ரைட்டரும் படிப்படியாக இறங்கிவிட்டது. நல்ல ரைட்டரைக் குப்பையில் போட்டதுதான் மிச்சம்.

செய்ய வேண்டியது என்ன?

முதல் காரியம்: ரைட்டரைத் தொடுமுன் கல்யாணப் படத்தை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். அத்தனை வயதான ஹார்ட் டிஸ்க் எப்போது கண்ணை மூடும் என்று சொல்ல முடியாது. பென் டிரைவ் இருக்கத் தட்டு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். பென் டிரைவில் உள்ளதைக் கை தவறி அழித்துவிடலாம், வைரஸ் தின்றுவிடலாம். ஒரு முறை எழுதும் தட்டில் அந்தப் பயம் இல்லை. தாத்தாவின் பிளேயருக்குத் தெரிந்ததும் தட்டு ஒன்றுதான். இரண்டும் இருக்கட்டுமே!

அடுத்தது வயர். மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். பட்டை வயரில் இரண்டு ரகம் உண்டு. 40 இழை உள்ளது பார்வைக்கு முரடாக இருக்கும்; 80 இழை உள்ளது நெருக்கமாக, மெல்லியதாக இருக்கும். 80 இழை வயரில் சரக்கு போகும் ஒவ்வொரு இழைக்கும் பக்கத்தில் ஒரு காவல் இழை ஓடுவதால் ஒன்றின் சத்தம் இன்னொன்றில் கலப்பதில்லை. அதையே போடுவது நல்லது. நீல நிற முனை மதர்போர்டில், கறுப்பு முனை ரைட்டரில். நன்றாக அழுத்தி மாட்ட வேண்டும்.

பிறகு விண்டோஸின் பழைய கணக்கைத் துடைக்க வேண்டும். "மை கம்ப்யூட்டர்" படத்தின் மேல் வலப் பொத்தானை அமுக்கி "பிராப்பர்ட்டீஸ்", அதில் "ஹார்டுவேர்", அதில் "டிவைஸ் மேனேஜர்" என்று போனால் ஒரு பட்டியல் வரும். அதில் "ஐ.டி.இ. ஏ.டி.ஏ. / ஏ.டி.ஏ.பி.ஐ. கன்ட்ரோலர்ஸ்" என்பதன் கீழே "செகண்டரி ஐ.டி.இ. சேனல்" இருக்கும். அநேகமாக ரைட்டர் இருப்பது இதில்தான். அதைத் திறந்து "அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்" பக்கத்தைப் பார்த்தால், இப்போது நடப்பது எந்த முறை என்று "கரண்ட் டிரான்ஸ்ஃபர் மோட்" என்ற இடத்தில் எழுதியிருக்கும். அங்கே "பி.ஐ.ஓ. மோட்" என்று இருந்தால் திருடன் அகப்பட்டான்!

மேலே உள்ள "டி.எம்.ஏ. இஃப் அவைலபிள்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் பெரும்பாலும் காரியம் ஆகாது. அந்தச் சேனலையே "அன்இன்ஸ்டால்" செய்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். பயப்பட வேண்டியதில்லை, எழுந்திருக்கும்போது விண்டோஸே அதைத் திரும்பக் கண்டுபிடித்துப் புதிதாகக் கணக்குத் தொடங்கும். மறுபடி போய்ப் பார்த்தால் "அல்ட்ரா டி.எம்.ஏ. மோட்" என்று காட்டும். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டதால், அந்தக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் மட்டும் இணைக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

பிற்காலத்தில் வந்த சாட்டா ரக ரைட்டர்களில் இந்தப் பட்டை வயரே கிடையாது. அவற்றுக்குத் தொல்லை வேறு வழியில் வரும்.

தட்டின் ஜாதகம்

ஒவ்வொரு தட்டிலும் அதைச் செய்த ஆலையின் குறியீடு முன்கூட்டியே பொறிக்கப்பட்டிருக்கிறது. ரைட்டர் முதலில் இதைப் படித்து, தன் நினைவில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, இந்த ரகத்துக்கு லேசரின் சூடு இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று முடிவு செய்கிறது. பட்டியலில் இல்லாத அநாமதேயத் தட்டு வந்தால்? எதற்கு வம்பு என்று 4 எக்ஸிலோ அதற்கும் கீழேயோ எழுதும். அட்டைப் பெட்டியில் 16 எக்ஸ் என்று அச்சடித்திருப்பதை அது சட்டை செய்வதில்லை. ரைட்டரின் "ஃபர்ம்வேர்" என்ற உள் மென்பொருளைப் புதுப்பித்தால் பட்டியல் வளரும். வேறு பிராண்டு தட்டு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது அதைவிடச் சுலபம்.

நல்ல தட்டுக்கு இப்போது பஞ்சம். ஜப்பானின் தையோ யூடன் 2015-ல் தட்டு செய்வதை நிறுத்திக்கொண்டது. நம் நாட்டில் மலிவு விலையில் சினிமாத் தட்டுகளை வீடு வீடாகப் பரப்பிய மோசர் பேர் கம்பெனியைக் கலைத்துவிடும்படி 2018-ல் உத்தரவாயிற்று. கடை வாசலில் வெயில் பட்டுத் தொங்கிய பழைய சரக்கை வாங்கிக் கல்யாணப் படத்தை எழுதுவது வீண் வேலை. எழுதும் தட்டில் இருப்பது ஒரு சாயம். வெயில் சாயத்துக்குப் பகை.

யு.எஸ்.பி.யில் மாட்டும் வெளி ரைட்டரானால் அதை எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று கவனிக்க வேண்டும். மிகப் பழைய கம்ப்யூட்டர்களில் உள்ள யு.எஸ்.பி. 1.1 துளையில் விநாடிக்கு ஒரு மெகாபைட் போவதே கஷ்டம். டி.வி.டி.யின் ஒரு எக்ஸ் வேகத்துக்குக்கூடப் பற்றாது! ஒரு தட்டுக்கு ஒன்றேகால் மணி ஆகும். ரைட்டர் மேல் பழி சொல்லி என்ன பயன்?

ஆயிரக்கணக்கான சிறு சிறு போட்டோக்களை எழுதும்போதும் வேகம் படுக்கும். ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி எடுக்க வேண்டியிருப்பதே காரணம். முதலில் எல்லாவற்றையும் ஒரே "இமேஜ்" கோப்பாகச் செய்துகொண்டு பிறகு எழுதினால் சீராக ஓடும்.

எழுதவே இல்லாத ரைட்டர்

இன்னொரு ரகப் புகார் உண்டு. "ஒரு தட்டு எழுத ஐந்து மணி நேரம்!" என்பார்கள். பார்த்தால் ரைட்டர் நாலரை மணி நேரம் சும்மாவே உட்கார்ந்திருக்கும். விஷயம் என்னவென்றால், டி.வி.டி. பிளேயருக்கு எம்பெக்-2 என்ற ஒரு முறையில்தான் படம் வேண்டும். கம்ப்யூட்டரில் உள்ள படம் வேறு முறையில் இருந்தால் அதை மாற்றியாக வேண்டும். நம் நாட்டு வீடியோவில் விநாடிக்கு 25 படம். இரண்டு மணி நேரக் கல்யாணத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் படம்! அத்தனையையும் பிராசஸர் ஒவ்வொன்றாக மாற்றி முடித்த பிறகுதான் லேசர் எரியவே தொடங்கும். மென்பொருள்காரர்கள் இரண்டு வேலைக்கும் ஒரே "பர்ன்" பொத்தானை வைத்திருப்பதால் வந்த மயக்கம் இது. ரைட்டர் முகப்பில் உள்ள சிறு விளக்கைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். விளக்கு எரியவில்லை என்றால் நடப்பது மாற்றும் வேலை. ஒரு தடவை மாற்றியதை இமேஜாகச் சேமித்துக்கொண்டால் நாலு தட்டுக்கும் அதுவே போதும். மாற்றும் வேலையை நாலு தடவை செய்வானேன்?

எழுதிய பின் "வெரிஃபை" என்று சரிபார்ப்பதற்கும் நேரம் ஆகும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பது தப்பு. கிடைத்தற்கரிய படத்தை எழுதுகிறபோது சரிபார்க்காமல் விடலாமா? அதேபோல் 16 எக்ஸ் கிடைக்கிறதே என்று அந்த வேகத்திலேயே எழுத வேண்டும் என்பதும் இல்லை. கடைசி ஓரத்தில் தட்டு வெறி பிடித்தாற்போல் சுழலும்போதுதான் எழுத்து பிசகும். 8 எக்ஸ் நிதானமான வேகம். ரைட்டரை நாமாக நடக்கச் சொல்வது வேறு. அது நொண்டுவது வேறு.

கற்பனை வீட்டுக்குத் திரும்புவோம். பையன் வயரை மாற்றினான். சேனலைத் துடைத்துப் புதுப்பித்தான். 8 எக்ஸ் என்று குறித்துப் பொத்தானை அமுக்கினான். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. பஃபர் பட்டை நிறைந்தபடியே நின்றது. பத்தாவது நிமிஷத்தில் எழுதி முடிந்தது. சரிபார்த்துத் தட்டு வெளியே வந்தது. பேனாவால் கீறாமல், மார்க்கரால் மேல்பக்கத்தில் "கல்யாணம் - 1994" என்று எழுதித் தாத்தாவின் பிளேயரில் போட்டான்.

மாப்பிள்ளை அழைப்பு ஓடிற்று. பந்தி ஓடிற்று. பந்தியில் பாட்டி காமிராக்காரரைப் பார்த்து, "என்னை எதுக்குப்பா எடுக்கிறே, பொண்ணைப் போய் எடு" என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலு பத்தாதுடா. ஆறாப் போட்டுடு."